என்ன வேண்டும் என்று மட்டும் சொல்

வேடசந்தூர் வட்டத்தில் ஒன்றரை ஏக்கர் மானாவாரி வைத்திருப்பவர் கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் கேட்கப் போகிறார். பட்டா நகல் வேண்டும். ஒரு காலத்தில் அதற்கென்று ஒரு நாளை ஒதுக்கிவிட்டுத் தாலுகா ஆபீஸ் வாசலில் நிற்க வேண்டியிருந்தது. இப்போது திண்டுக்கல் காமராஜர் பேருந்து நிலையத்துப் பக்கம் ஏதாவது ஒரு கணினி மையத்திலோ, வீட்டில் பேத்தியின் போனிலோ மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் என்று தட்டினால் தாள் வந்துவிடுகிறது. சில நொடி வேலை.

அந்தச் சில நொடிக்குள் நடப்பதில் பாதியை நாம் ஓரளவு அறிவோம். போனிலிருந்து கோபுரம், கோபுரத்திலிருந்து மண்ணுக்கடியில் ஓடும் கண்ணாடி இழை, அங்கிருந்து எங்கோ ஒரு தரவு மையம். மறுபாதி, அந்த மையத்துக்கு உள்ளே நடப்பது. வெளியிலிருந்து வந்தது ஒரே கேள்விதான். உள்ளே நுழைந்ததும் அது பலவாகப் பிரிகிறது. வலைப்பக்கத்தைக் காட்டும் சர்வர், கணக்குப் பார்க்கும் சர்வரைக் கூப்பிடுகிறது. அது தரவுத்தளத்தைக் கேட்கிறது. ஓடிபி அனுப்ப ஒன்று, யார் எப்போது வந்தார் என்று குறித்துவைக்க ஒன்று, நகலெடுத்துப் பத்திரப்படுத்த இன்னொன்று. இந்தத் துறையில் இருப்பவர்கள் வெளியே போய்வரும் போக்குவரத்தை வடக்கு-தெற்கு என்றும், சர்வர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதைக் கிழக்கு-மேற்கு என்றும் சொல்வார்கள். பெரும்பாலான மையங்களில் கிழக்கு-மேற்குதான் பல மடங்கு அதிகம்.

யார் யாரோடு பேசலாம், எந்த வழியாகப் பேசலாம் என்பதை யாரோ முன்கூட்டியே எழுதிவைத்திருக்க வேண்டும். அந்த எழுத்துக்குப் பெயர் கான்ஃபிக். அதை எழுதும் முறை கடந்த இருபது ஆண்டுகளில் தலைகீழாக மாறியிருக்கிறது. இந்தக் கட்டுரை அந்த மாற்றத்தைப் பற்றியது.

தமிழ்நாட்டில் தரவு மையம் என்றால் இன்றைக்கு முக்கியமாகச் சென்னைதான். கடலடிக் கேபிள்களில் பெரும்பாலானவை அங்கேதான் கரையேறுகின்றன. சென்னையையும் சிங்கப்பூரையும் இணைத்த ஐ2ஐ கேபிள் 2002-ல் வந்தது. அந்தமானுக்குப் போகும் சுமார் 2,300 கிலோமீட்டர் கேபிள் 2020 ஆகஸ்ட் 10 அன்று திறக்கப்பட்டது. அம்பத்தூரிலும் சிறுசேரியிலும் ஜன்னலே இல்லாத பெரிய கட்டடங்கள் எழும்பின. மாநில அரசும் 2021-ல் தரவு மையங்களுக்கென்றே தனிக் கொள்கை வெளியிட்டது.

அப்படி ஒரு கட்டடத்தின் கூடத்துக்குள் போனால் ஆளுயர ரேக்குகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொரு ரேக்கின் உச்சியிலும் ஒரு சுவிட்ச், அல்லது இரண்டு. இவற்றை லீஃப் என்பார்கள். கூடத்தில் வேறிடத்தில் சில பெரிய சுவிட்சுகள் இருக்கும், அவை ஸ்பைன். ஒவ்வொரு லீஃபும் எல்லா ஸ்பைனோடும் இணைக்கப்பட்டிருக்கும். லீஃபுக்கும் லீஃபுக்கும் நேர் இணைப்பு கிடையாது. ஆகவே வெவ்வேறு ரேக்குகளில் இருக்கும் எந்த இரண்டு சர்வருக்கும் நடுவே தூரம் ஒன்றேதான்: லீஃப், ஸ்பைன், லீஃப். ஒரு ஸ்பைன் செத்தால் மற்றவை சுமையைப் பகிர்ந்துகொள்ளும். பாதை போதவில்லை என்றால் இன்னொரு ஸ்பைனைக் கொண்டுவந்து வைத்தால் ஆயிற்று. இந்த அமைப்பின் கணக்கை 1953-லேயே எழுதிவிட்டவர் பெல் ஆய்வகத்தில் இருந்த சார்லஸ் க்ளோஸ். அவர் யோசித்தது டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்காக. அரை நூற்றாண்டு கழித்துத் தரவு மையங்கள் அதைத் தேடி எடுத்துக்கொண்டன.

நூறு லீஃப் சுவிட்ச் உள்ள கூடம் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றுக்கு 48 போர்ட், அதாவது கம்பி செருகும் துளை, என்றால் 4,800 போர்ட். புதிதாக ஒரு செயலியைக் கொண்டுவருகிறார்கள். பழைய முறையில் என்ன நடக்கும்? இரவு ஒரு மணிக்குச் சேஞ்ச் விண்டோ, அதாவது மாற்றம் செய்வதற்கென்று ஒதுக்கிய நேரம், கொடுப்பார்கள். பொறியாளர் தன் லேப்டாப்பில் கறுப்புத் திரையைத் திறந்து, சம்பந்தப்பட்ட ஒவ்வொரு சுவிட்சுக்குள்ளும் நுழைவார். விலான் (ஒரே சுவிட்சுகளுக்குள் பிரித்துவைத்த தனி வலை) எண்ணை உருவாக்கு, இந்த போர்ட்டை அதில் சேர், இந்த ஐபி முகவரியைக் கொடு, இந்த வழியைச் சேர், இவரை விடு, அவரைத் தடு. நோட்பேடில் எழுதி வைத்ததை வெட்டி ஒட்டி, முகவரியை மட்டும் மாற்றி, அடுத்த சுவிட்சுக்குப் போவார். முப்பதாவது சுவிட்சில் கண் சொக்கும்.

அங்கேதான் வினை. இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு பொறி உண்டு. பல விலான்களைச் சுமக்கும் டிரங்க் போர்ட்டில் புதிதாக ஒரு விலானைச் சேர்க்க வேண்டும். சிஸ்கோ சுவிட்சில் அதற்கான கட்டளையின் நடுவே 'ஆட்' என்ற சொல் வர வேண்டும். ஆங்கிலத்தில் மூன்றே எழுத்து. அதை விட்டுவிட்டு என்டர் தட்டினால் சுவிட்ச் எந்தக் கேள்வியும் கேட்காது. ஏற்கெனவே அந்த வழியாகப் போய்க்கொண்டிருந்த விலான்கள் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, புதியதை மட்டும் விட்டுவைக்கும். கட்டளை பிழையில்லாத கட்டளைதான். 'சேர்' என்று நினைத்தவர் 'இது மட்டும்' என்று சொல்லிவிட்டார். இதில் மாட்டாத பொறியாளர் அபூர்வம், மாட்டியதை ஒப்புக்கொள்பவர் அதைவிட அபூர்வம்.

கறுப்புத் திரை முறையின் சிக்கல் தட்டச்சுப் பிழை மட்டுமல்ல. சுவிட்சுகளுக்கு நாம் கொடுத்தது எல்லாம் செய்முறை. இதைச் செய், அதைச் செய். எதற்காகச் செய்தோம் என்பது எங்கேயும் பதிவாகவில்லை. நூறு சுவிட்சுகளில் சிதறிக் கிடக்கும் ஆயிரக்கணக்கான வரிகளைப் படித்து, 'ஓஹோ, வலை சர்வர் தரவுத்தளத்தோடு பேசக்கூடாது என்பதற்காக இப்படி எழுதியிருக்கிறார்கள்' என்று ஊகிக்க வேண்டும். எழுதியவர் வேலையை விட்டுப் போயிருப்பார். அவர் எழுதியதை அழிக்க ஒருவருக்கும் தைரியம் வராது. அப்படியே வரிகள் சேர்ந்துகொண்டே போகும்.

கையால் தட்டச் சோம்பல்பட்ட சிலர் நிரல் எழுதிப் பார்த்தார்கள். மனிதன் தட்டுவது போலவே தட்டி, திரையில் வருவதைப் படித்து, அடுத்த கட்டளையைத் தட்டும் நிரல். அதற்கென்றே டான் லீப்ஸ் 1990-ல் எக்ஸ்பெக்ட் என்று ஒரு கருவி செய்து கொடுத்தார். ஓரளவு வேலை செய்தது. ஆனால் திரை என்பது மனிதக் கண்ணுக்காக அமைக்கப்பட்டது. சுவிட்சின் மென்பொருளைப் புதுப்பித்ததும் ஒரு தலைப்பு இரண்டு எழுத்து தள்ளிப்போய் உட்கார்ந்தால் நிரல் குழம்பி நிற்கும். பட்டியல் நீளமாகிவிட்டால் சுவிட்ச் பாதியில் நிறுத்தி 'இன்னும் உண்டு' என்று காத்திருக்கும். நிரல் முடிந்துவிட்டதாக நினைக்கும்.

எஸ்என்எம்பி என்று இன்னொரு வழி 1988 முதல் இருந்தது. சுவிட்ச் எவ்வளவு சூடாக இருக்கிறது, எத்தனை தரவுப் பொட்டலம் போனது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள அருமையான ஏற்பாடு. கான்ஃபிக்கை மாற்றவும் அதில் இடமிருந்தது. ஆனால் மாற்றுவதற்கு அநேகமாக யாரும் அதைப் பயன்படுத்தவில்லை.

வலைப்பின்னல்களை மேய்ப்பது பற்றிப் பேசவே 2002 ஜூனில் ஒரு கூட்டம் கூட்டினார்கள். இணைய நெறிமுறைகளை வகுப்பவர்களும், உண்மையிலேயே வலைப்பின்னல்களை நடத்துபவர்களும் ஒரே அறையில் உட்கார்ந்தார்கள். அதன் அறிக்கை 2003-ல், இணைய நெறிமுறை ஆவண வரிசையில், ஆர்எஃப்சி 3535 என்ற எண்ணோடு வெளியானது. தொழில்நுட்ப ஆவணங்களில் இவ்வளவு வெளிப்படையாக மனக்குறை கொட்டியவை குறைவு. கருவி கருவியாக மேய்த்து அலுத்துவிட்டது, முழு வலைப்பின்னலையும் ஒன்றாகப் பார்த்து கான்ஃபிக் செய்ய வேண்டும் என்றார்கள். நாங்கள் விரும்பிய நிலை வேறு, கருவி இப்போது இருக்கும் நிலை வேறு, இரண்டையும் கலக்காதீர்கள் என்றார்கள். இரண்டு கான்ஃபிக்கை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பல கருவிகளில் செய்யும் மாற்றம் நடந்தால் எல்லாவற்றிலும் நடக்க வேண்டும், இல்லையென்றால் எதிலும் நடக்கக் கூடாது. இன்று நாம் தானியக்கம் என்று கொண்டாடுவதில் பெரும்பகுதி அந்த விண்ணப்பப் பட்டியலில் இருக்கிறது. அதிலிருந்து 2006-ல் நெட்கான்ஃப் என்ற நெறிமுறை பிறந்தது, 2010-ல் யாங் என்ற விவரிப்பு மொழி, 2017-ல் வலை வழியாகவே பேசும் ரெஸ்ட்கான்ஃப்.

இதே சமயம் கல்விக்கூடங்களில் வேறொரு யோசனை ஓடிக்கொண்டிருந்தது. சுவிட்சுக்குள் இரண்டு வேலை நடக்கிறது. பொட்டலத்தை இந்தக் கதவிலிருந்து அந்தக் கதவுக்குத் தள்ளுவது ஒன்று. எந்தக் கதவுக்குத் தள்ளுவது என்று முடிவெடுப்பது இன்னொன்று. முதல் வேலையைச் சுவிட்சிலேயே விட்டுவிட்டு, முடிவெடுக்கும் வேலையை மட்டும் வெளியே ஒரு கணினியில் வைத்தால் என்ன? 2008-ல் வந்த ஓப்பன்ஃப்ளோ கட்டுரை இதைச் செய்துகாட்டும் வழியைச் சொன்னது. ஸ்டான்ஃபோர்டின் நிக் மெக்கியோன் முதல் பெயர். எட்டு ஆசிரியர்களில் ஒருவர் நம் சென்னை ஐஐடியில் படித்துவிட்டு எம்ஐடியில் பேராசிரியரான ஹரி பாலகிருஷ்ணன். அந்த வெளிக் கணினிக்குக் கன்ட்ரோலர் என்று பெயர் நிலைத்தது.

சந்தைக்கு வந்த கன்ட்ரோலர்கள் அந்தக் கட்டுரையின் வழியை அப்படியே பின்பற்றவில்லை. ஒவ்வொரு பொட்டலத்துக்கும் கன்ட்ரோலரே முடிவெடுப்பது என்பதை விட்டுவிட்டு, நோக்கத்தைக் கன்ட்ரோலரில் வைத்து, நிறைவேற்றுவதைச் சுவிட்சுகளிடமே ஒப்படைத்தவை பல. 2013 நவம்பரில் சிஸ்கோ அறிவித்த ஏசிஐ அப்படிப்பட்டது. அதன் கன்ட்ரோலருக்கு ஏபிஐசி என்று பெயர், சுருக்கமாக ஏபிக். அதன் பின்னால் இருக்கும் கருத்தை மார்க் பர்கெஸ் என்ற இயற்பியல்காரர் வளர்த்தார். அவர் 1993-ல் ஓஸ்லோவில் பல்கலைக்கழகக் கணினிகளை மேய்க்க சிஎஃப்எஞ்சின் என்ற மென்பொருளை எழுதினார். ஒவ்வொரு கணினிக்கும் அது எப்படி இருக்க வேண்டும் என்ற விவரத்தைக் கொடுத்துவிடு, தன் இப்போதைய நிலையை அதோடு ஒப்பிட்டு, வேறுபாட்டை அது தானே சரிசெய்துகொள்ளட்டும் என்பது அவர் வழி. எத்தனை முறை ஓட்டினாலும் முடிவு ஒன்றே. ஏற்கெனவே சரியாக இருந்தால் அது எதையும் தொடாது.

இப்போது பட்டா கேள்விக்குத் திரும்புவோம். வருவாய்த் துறைக்காக மூன்றடுக்குச் செயலி ஒன்றைக் கன்ட்ரோலர் உள்ள மையத்தில் வைக்கிறார்கள் என்று கற்பனை செய்துகொள்வோம். பொறியாளர் சுவிட்ச் எதற்குள்ளும் நுழைவதில்லை. கன்ட்ரோலரின் வலை முகவரிக்கு ஒரு கோரிக்கை அனுப்புகிறார். நாம் பிரவுசரில் ஒரு பக்கத்தைத் திறக்கும்போது ஓடும் அதே எச்டிடிபிஎஸ்தான். முதல் கோரிக்கையில் பெயரும் கடவுச்சொல்லும். கன்ட்ரோலர் சரிபார்த்து ஒரு டோக்கன் கொடுக்கும். அது வழக்கமாகப் பத்து நிமிடம் செல்லும். அடுத்த கோரிக்கைகள் அந்த டோக்கனோடு போகும். விவரத்தை ஜேசன் என்ற எளிய வடிவத்தில் எழுதுவார்கள். உண்மையான கோரிக்கையில் ஏபிக்குக்கே உரிய ஆங்கிலச் சொற்கள் இருக்கும். தமிழில் சுருக்கி எழுதிக் காட்டினால் இப்படி:

{
 "உரிமையாளர்": "வருவாய்த்துறை",
 "குழுக்கள்": ["வலை", "செயலி", "தரவுத்தளம்"],
 "அனுமதி": [
  {"கேட்பவர்": "வலை", "தருபவர்": "செயலி", "போர்ட்": 8443},
  {"கேட்பவர்": "செயலி", "தருபவர்": "தரவுத்தளம்", "போர்ட்": 5432}
 ]
}

இதில் 'போர்ட்' என்பது சுவிட்சின் துளை அல்ல, சர்வரின் மென்பொருள் கேட்கும் கதவின் எண். இதை இன்னொரு முறை படியுங்கள். எந்தச் சுவிட்சின் பெயராவது இருக்கிறதா? விலான் எண்? கட்டளை? 'உருவாக்கு', 'சேர்', 'நீக்கு' என்று ஒரு வினைச்சொல்கூட இல்லை. இருப்பது விவரிப்பு மட்டும். வலை சர்வர்கள் செயலியிடம் கேட்கலாம், செயலி தரவுத்தளத்திடம் கேட்கலாம். வலை நேரடியாகத் தரவுத்தளத்திடம் போகலாம் என்று எழுதப்படவில்லை, ஆகவே போக முடியாது. சர்வர்கள் எந்த ரேக்கில், எந்த போர்ட்டில் என்பதைத் தனியாக ஒரு முறை கட்டிவிட்டால், மற்றதையெல்லாம் கன்ட்ரோலர் பார்த்துக்கொள்ளும்.

எழுதாத எதுவும் நடக்காது என்ற இந்த விதி சின்ன விஷயமல்ல. திண்டுக்கல்லை வைத்து எழுதும் கட்டுரையில் பூட்டு வராவிட்டால் நாகல்நகர்க்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள் என்பதால் அதையே எடுத்துக்கொள்கிறேன். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய அந்தக் கைப்பூட்டை வாங்கியவர் தேவையான கதவுக்கு மட்டும் மாட்டுவார். மற்ற கதவுகள் திறந்தே கிடக்கும். பழைய வலைப்பின்னல் அப்படித்தான்: ஒரே விலானுக்குள் இருந்தால் யாரும் யாரோடும் பேசலாம், தடுக்க வேண்டிய இடத்தில் மட்டும் பூட்டு. புதிய முறையில் கட்டும்போதே எல்லாக் கதவும் பூட்டப்பட்டிருக்கும். அனுமதி என்று எழுதிய கதவுக்கு மட்டும் சாவி வெட்டப்படும். ஒரு வலை சர்வரைத் திருடன் பிடித்துவிட்டால் அவன் அடுத்து எங்கே போக முடியும் என்ற கேள்விக்கு இரண்டு முறைகளும் தரும் விடை மிகவும் வேறு.

கோரிக்கையை வாங்கிய ஏபிக் அதைத் தன் மரத்தில் ஒட்டிவைக்கிறது. அதற்குள் எல்லாமே ஒரே மரம்: வேருக்கு அடுத்தபடியாக 'யூனி' என்று ஒரு கணு, அதன் கீழே உரிமையாளர்கள், அவர்களின் கீழே குழுக்கள், அவற்றின் கீழே இணைப்புகள். ஒவ்வொரு கணுவுக்கும் ஒரு வலை முகவரி உண்டு. வாசிக்க வேண்டுமா, அந்த முகவரிக்குக் 'கெட்'. எழுத வேண்டுமா, 'போஸ்ட்'. நீக்க, 'டெலிட்'. வலையின் இந்த எளிய இலக்கணத்துக்கு அடிப்படையான கொள்கைகளை ராய் ஃபீல்டிங் 2000-ல் தன் முனைவர் பட்ட ஆய்வேட்டில் வகுத்து எழுதினார். அவர் ரெஸ்ட் என்று பெயர் வைத்த முறைதான் இது.

பிறகு அந்த விவரிப்பு, தேவைப்படும் லீஃபுகளுக்கு மட்டும் போகிறது. ஒவ்வொரு லீஃபிலும் உள்ள சிறு மென்பொருள் அதைத் தன் வன்பொருளுக்குப் புரியும் அட்டவணை வரிகளாக மாற்றிக்கொள்கிறது. வருவாய்த் துறையின் பொட்டலமும் பக்கத்து வாடிக்கையாளரின் பொட்டலமும் ஒரே கம்பியில் போனாலும் கலக்கக் கூடாதல்லவா? விலான் எண்ணுக்கு 12 பிட்தான் இடம். பயன்படுத்தக் கூடியவை 4,094. பெரிய மையத்துக்கு இது போதாது. அதனால் லீஃப் ஒவ்வொரு பொட்டலத்தையும் இன்னொரு உறைக்குள் போட்டு, 24 பிட் எண் ஒன்றை ஒட்டி ஸ்பைனுக்கு அனுப்புகிறது. விஎக்ஸ்லான் என்ற இந்த முறை 2014-ல் ஆர்எஃப்சி 7348-ஆகப் பதிவானது. 24 பிட்டில் ஒரு கோடியே 67 லட்சத்துக்கும் மேல் எண்கள் உண்டு. இவற்றை நூறு சுவிட்சுகளில் கையால் தட்டி நிர்வகிக்க யாராலும் முடியாது. கன்ட்ரோலர் இல்லாமல் இந்த எண்ணிக்கைக்கே பொருளில்லை.

கன்ட்ரோலர் என்றால் ஒரு பெட்டி அல்ல. குறைந்தது மூன்று, ஒன்றின் தகவல் மற்றவற்றிலும் நகலாக இருக்கும். மூன்றும் ஒரே சமயத்தில் செத்தால்? புதிதாக எதையும் மாற்ற முடியாது. ஆனால் லீஃபும் ஸ்பைனும் கடைசியாகத் தெரிந்ததை வைத்துப் பொட்டலங்களைத் தள்ளிக்கொண்டே இருக்கும். பட்டா வந்துகொண்டுதான் இருக்கும். முடிவெடுப்பதையும் நிறைவேற்றுவதையும் பிரித்ததன் பலன் இது.

இதில் புதிதாக வருபவர்கள் தவறாமல் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. கோரிக்கையை அனுப்பியதும் கன்ட்ரோலர் 200 என்று பதில் தரும். வலையின் மொழியில் 200 என்றால் சரி. நிரல் எழுதியவர் திரையில் பச்சை எழுத்தைப் பார்த்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விடுவார். அந்த 200-க்குப் பொருள், உங்கள் விருப்பத்தைக் குறித்துக்கொண்டேன் என்பது மட்டும்தான். லீஃபில் அது நிறைவேறியதா என்பது வேறு கேள்வி. உதாரணமாக, ஒரு போர்ட்டுக்கு நீங்கள் கேட்ட விலான் எண், அந்தக் குழுவுக்கு ஒதுக்கப்பட்ட தொகுப்பில் இல்லை என்று வைத்துக்கொள்வோம். ஏபிக் கோரிக்கையை வாங்கிக்கொள்ளும், 200 சொல்லும். பிறகு எஃப்0467 என்று ஒரு குறைக்குறியை எழுப்பும். ஏசிஐ மேய்த்தவர்களுக்கு இந்த எண் மனப்பாடம். ஆகவே நல்ல நிரல் அனுப்பியதோடு நிற்காது. கொஞ்சம் பொறுத்து, 'கெட்' போட்டுக் குறைகள் ஏதும் எழுந்தனவா என்று பார்க்கும். விரும்பிய நிலை வேறு, இருக்கும் நிலை வேறு என்று 2002-ல் அந்த அறையில் முறையிட்டார்களே, அதன் அன்றாட வடிவம் இதுதான்.

கான்ஃபிக் என்பது படிக்கக்கூடிய எழுத்தாகிவிட்டதும், எழுத்துக்குச் செய்யக்கூடியதை எல்லாம் அதற்கும் செய்யலாம் என்றாயிற்று. கிட் என்ற கருவியின் களஞ்சியத்தில் வைக்கலாம்; யார், எந்தத் தேதியில், எந்த வரியை மாற்றினார் என்று தெரியும். மாற்றத்தை இன்னொருவர் படித்து ஒப்புதல் தந்த பிறகே அனுப்பலாம். டெர்ராஃபார்ம் போன்ற கருவிகள், இப்போது இருப்பதற்கும் நீங்கள் கேட்பதற்கும் என்ன வேறுபாடு என்று முதலில் காட்டிவிட்டு, சரி என்ற பிறகே கைவைக்கும். 2015-ல் வெளியான பேட்ஃபிஷ் இன்னும் ஒரு படி மேலே போகிறது. கான்ஃபிக் கோப்புகளை மட்டும் வாங்கிக்கொண்டு, உண்மையான சுவிட்ச் ஒன்றையும் தொடாமல், இந்த மாற்றத்துக்குப் பிறகு எந்தப் பொட்டலம் எங்கே போகும் என்று கணக்குப் போட்டுச் சொல்லிவிடும்.

இதெல்லாம் இருந்தும் விழுந்தவர்கள் உண்டு. அவர்கள் சின்ன ஆட்களும் அல்ல.

2021 அக்டோபர் 4, திங்கள்கிழமை. நம் நேரப்படி இரவு ஒன்பது மணியைத் தாண்டியிருந்தது. திண்டுக்கல்லிலும் தேனியிலும் டொரண்டோவிலும் வாட்ஸ்அப் செய்தி போகாமல் சுற்றிக்கொண்டே நின்றது. ஃபேஸ்புக்கும் இன்ஸ்டாகிராமும் கூடவே போயின. பலர் போனை அணைத்துப் போட்டார்கள், ரீசார்ஜ் தீர்ந்துவிட்டதோ என்று பார்த்தார்கள். நடந்ததை ஃபேஸ்புக்கே பிறகு விளக்கியது. தன் தரவு மையங்களை இணைக்கும் முதுகெலும்பு வலையில் எவ்வளவு இடம் மிச்சமிருக்கிறது என்று பார்க்க, வழக்கமான பராமரிப்பின்போது ஒரு கட்டளை அனுப்பப்பட்டது. அது முதுகெலும்பின் எல்லா இணைப்புகளையும் இறக்கிவிட்டது. இப்படிப்பட்ட கட்டளையைத் தடுப்பதற்கென்றே ஒரு தணிக்கைக் கருவி வைத்திருந்தார்கள். அந்தக் கருவியில் ஒரு பிழை, தடுக்கவில்லை.

அடுத்து நடந்தது இன்னும் வேடிக்கை, நமக்கு, அவர்களுக்கு இல்லை. ஃபேஸ்புக்கின் பெயர்-முகவரி சர்வர்களுக்கு ஒரு விதி உண்டு: தரவு மையத்தை எட்ட முடியாவிட்டால் நம்மிடம்தான் ஏதோ கோளாறு, ஆகவே 'இங்கே வாருங்கள்' என்று உலகத்துக்கு அறிவிப்பதை நிறுத்திக்கொள்ள வேண்டும். ஒரு சர்வர் பழுதாகும்போது அது நல்ல விதி. அன்று எல்லா சர்வர்களும் ஒரே நேரத்தில் அதே முடிவுக்கு வந்தன. இணையத்திலிருந்து ஃபேஸ்புக் என்ற பெயரே காணாமல் போயிற்று. தொலைவிலிருந்து சரிசெய்யும் கருவிகளும் அதே வலையை நம்பியிருந்ததால் அவையும் போயின. கடைசியில் ஆட்களைத் தரவு மையத்துக்கே அனுப்பினார்கள். யாரும் எளிதில் நுழைந்து சுவிட்சைத் தொடக் கூடாது என்று கட்டிய பாதுகாப்பு ஏற்பாடுகள் அவர்களையும் நிறுத்திவைத்தன. ஏறக்குறைய ஆறு மணி நேரம் ஆயிற்று.

கூகுளுக்கு இதே மாதிரி ஒன்று 2019 ஜூன் 2-ல் நடந்தது. அங்கே பராமரிப்பைத் தானாகச் செய்யும் மென்பொருள், ஓரிடத்தில் மட்டும் நிறுத்த வேண்டிய முடிவெடுக்கும் பகுதியைப் பல இடங்களில் ஒரே சமயத்தில் நிறுத்திவிட்டது. பொட்டலம் தள்ளும் பகுதி, கடைசியாகத் தெரிந்ததை வைத்துச் சில நிமிடம் தாங்கியது. அதற்குப் பிறகு பாதைகள் ஒவ்வொன்றாக விலகின. கன்ட்ரோலர் செத்தாலும் வண்டி ஓடும் என்று மேலே எழுதினேன். எவ்வளவு நேரம் ஓடும் என்பதையும் யாரோ உட்கார்ந்து தீர்மானித்திருக்க வேண்டும்.

இரண்டு நிகழ்ச்சிகளிலும் எனக்குப் படுவது இது: கையால் தட்டிய காலத்தில் பிழை மெதுவாகப் பரவியது. முப்பதாவது சுவிட்சில் தவறு செய்தால் முப்பதாவது சுவிட்ச்தான் போகும். யாராவது கூச்சல் போட்டதும் நிறுத்திவிடலாம். மனிதனின் மந்தமே ஒரு காப்பாக இருந்தது. இயந்திரம் அந்தக் காப்பை எடுத்துவிட்டது. ஆகவே அதைச் செயற்கையாகத் திரும்பக் கொண்டுவருகிறார்கள். மாற்றத்தை ஒரே ஒரு லீஃபில் போட்டுக் காத்திருப்பது, பிறகு ஐந்து, பிறகு இருபது. அளவுக்கு மேல் இணைப்புகள் விழுந்தால் தானே நின்று பழைய கான்ஃபிக்குக்குத் திரும்புவது. சரிசெய்யப் போகும் வழி, சரிசெய்ய வேண்டிய வலையை நம்பியிராமல் தனிக் கம்பியாக இருப்பது. வேகத்துக்காகத் தானியக்கம் என்று விற்பவர்களை நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். வேகத்தைவிட, எழுதியதைப் படிக்க முடிவதும், படித்ததைத் திருப்ப முடிவதும்தான் இதில் கிடைக்கும் லாபம் என்று நினைக்கிறேன்.

தரவு மையத்துக்கு வெளியேயும் இந்த யோசனை தேவைப்படுகிறது. தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழை இணைப்பு கொண்டுபோக டான்ஃபிநெட் என்ற அரசு நிறுவனம் அமைக்கப்பட்டது. திண்டுக்கல் மாவட்டத்தில் மட்டும் 306 ஊராட்சிகள், 14 ஒன்றியங்களில். ஒவ்வொரு ஊராட்சியிலும் ஒரு கருவி. கான்ஃபிக்கில் ஒரு வரியை மாற்ற வேண்டியிருக்கும் போதெல்லாம் குஜிலியம்பாறையிலிருந்து வத்தலக்குண்டு வரைக்கும் ஒருவர் கன்சோல் கேபிளைத் தோளில் போட்டுக்கொண்டு பைக்கில் சுற்ற முடியாது. இப்படிப் பரந்து கிடக்கும் வலைகளில் கருவியை மாட்டி மின்சாரம் கொடுத்தால், அது தானே மையத்தைத் தேடிப் பிடித்துத் தனக்கான விவரத்தை இறக்கிக்கொள்ளும் முறை உலகம் முழுவதும் பழக்கத்தில் இருக்கிறது.

கற்றுக்கொள்ள அம்பத்தூருக்குப் போக வேண்டியதில்லை என்பது இந்தத் துறையில் புதிது. முன்பு சுவிட்ச் படிக்க சுவிட்ச் வேண்டும். ரிச்சி தெருவில் பழைய சுவிட்ச் வாங்கி விடுதி அறையில் வைத்துக் காது கிழியும் விசிறிச் சத்தத்தோடு படித்த தலைமுறை ஒன்று உண்டு. இன்று ஸ்டான்ஃபோர்டில் பிறந்த மினிநெட்டை, சாதாரண லேப்டாப்பில் லினக்ஸ் போட்டு இலவசமாக ஓட்டலாம். ஒரே கட்டளையில் பத்து சுவிட்சும் இருபது சர்வரும் கொண்ட ஒரு பின்னல் நினைவகத்துக்குள் எழும்பும். ஓனோஸ், ஓப்பன்டேலைட் ஆகிய கன்ட்ரோலர்களும் திறந்த மூலம்தான். பிஎஸ்என்ஏ கல்லூரியிலோ காந்திகிராமத்திலோ படிக்கும் ஒரு மாணவிக்குத் தேவைப்படுவது கொஞ்சம் பைத்தானும், ஜேசனில் விட்டுப்போன ஒரு காற்புள்ளியைத் தேடும் பொறுமையும்தான்.

தொடங்குபவர்களுக்கு ஒரு யோசனை. முதல் சில வாரம் 'கெட்' மட்டும் போடுங்கள், 'போஸ்ட்' பக்கம் போகாதீர்கள். எத்தனை சுவிட்ச், எந்த போர்ட்டில் யார், என்னென்ன குறைகள் என்று கேட்டுக்கொண்டே இருங்கள். ஒரு லீஃபுக்கும் ஸ்பைனுக்கும் நடுவே உள்ள இணைப்பை அறுத்துவிட்டு அதே கேள்விகளைத் திரும்பக் கேளுங்கள். எந்த வரி மாறியது, எது மாறவில்லை, எத்தனை நொடியில் என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஸ்பைன் ஒன்றையே அணைத்துவிட்டுப் பாருங்கள். மாறும் என்று நீங்கள் எதிர்பார்த்த ஏதாவது ஒரு வரி நிச்சயம் மாறாமல் இருக்கும். அது ஏன் என்று தெரிந்த பிறகு 'போஸ்ட்' போடலாம்.